ஐவகை மன்றமும் நம் ஊர்ச் சதுக்கமும்

மலர்க்குழு அன்பர்கள் கடைக்கு வந்து, "நயினார், இந்த வருஷ மலருக்கு நீங்க ஒரு கட்டுரை தந்தே ஆகணும்" என்றார்கள். "சமணக் காப்பியம் பற்றித்தானே?" என்று கேட்டேன். "எதைப் பற்றி வேணும்னாலும் எழுதுங்க, நம்ம பிள்ளைங்களும் படிக்கிற மாதிரி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காப்பியத்தையும் விடாமல், பிள்ளைகள் தினமும் நடக்கிற தெருவையும் விடாமல் எழுத முடியுமா என்று யோசித்ததன் விளைவே இக்கட்டுரை.

அடியேன் பட்டம் பெற்றவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பத்தாம் வகுப்பு முடித்து, 1978-இல் மாமாவின் கடையில் கணக்கெழுத மைசூர் வந்தவன். இன்று சந்தேபேட்டையில் அரிசி, பருப்பு வியாபாரம், வீடு கௌதள்ளியில். நான் படித்த கல்லூரி எதுவென்று கேட்டால் லேன்ஸ்டவுன் கட்டடம் என்றுதான் சொல்வேன். அங்கே இருந்த பழைய புத்தகக் கடைகளில்தான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைக் கழித்தேன். யாரோ ஒரு தமிழர் ஊர் மாறிப் போகும்போது போட்டுவிட்டுப் போன சிலப்பதிகாரம், நாட்டார் உரையோடு, அட்டை கிழிந்த நிலையில் எனக்குக் கிடைத்தது அங்கேதான். லேன்ஸ்டவுன் கட்டடம் எழுந்தது 1892-இல். உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சில் கொண்டுவந்ததும் அதே 1892. இந்தப் பொருத்தம் எனக்கு மட்டும் இனிக்கிற ஒன்றாக இருக்கலாம். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதி 2012 ஆகஸ்டில் இடிந்து விழுந்து நால்வர் மாண்டனர். நான்கு ஆண்டு கழித்து 2016 ஆகஸ்டில், பக்கத்திலிருக்கும் தேவராஜ மார்க்கெட்டின் வடக்கு வாயில் சரிந்தது. பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே சரிந்தது. அன்று தொடங்கி ஒரு வாதம் நடக்கிறது. முழுதும் இடித்து அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டலாம் என்பார் ஒரு சாரார். பழையதைப் பழுதுபார்த்துக் காக்க வேண்டும் என்பார் மறு சாரார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. இடிப்பதா காப்பதா என்பதில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. காக்கலாம் என்பதே என் பக்கம். ஆனால் இக்கட்டுரை அதைப் பற்றியதன்று. இடித்தாலும் காத்தாலும், அந்த இடத்தைத் திருத்தியமைக்க ஒரு கட்டடக் கலைஞரை அமர்த்தத்தான் வேண்டும். அவர் கையில் நாம் என்ன எழுதிக் கொடுக்கப் போகிறோம்? இதுவே என் கேள்வி.

நகரின் நடுவெளி

மைசூரின் நடுவெளி எது? கே.ஆர். சர்க்கிளில் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் சிலையடியில் நின்றுகொள்ளுங்கள். வடக்கே சயாஜி ராவ் ரோடு. தசராவில் ஜம்பூ சவாரி போகிற வழி. அதன் ஓரத்தில் எண்ணூறுக்கு மேற்பட்ட கடைகளோடு தேவராஜ மார்க்கெட். பக்கத்தில் சிக்க கடியாரம் என்று எல்லோரும் சொல்லுகிற டஃபரின் மணிக்கூண்டு; 1886-இல் வைசிராய் டஃபரின் வந்துபோனதன் நினைவு. கொஞ்சம் தள்ளி லேன்ஸ்டவுன் கட்டடம். அரண்மனைப் பக்கம் பெரிய கடியாரம். அதன் அருகே நகர மண்டபம். இவை எல்லாம் சேர்ந்ததுதான் நம் ஊரின் மன்றம்.

இந்தப் பெயர்களைக் கவனித்தீர்களா? டஃபரினும் லேன்ஸ்டவுனும் சீமைக்காரர்கள். சயாஜி ராவ் பரோடா மன்னர். நகர மண்டபத்துக்குப் பெயர் தந்த திவான் ரங்காசார்லு, செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்து இங்கே வந்து, 1881-இல் மைசூர்ப் பிரதிநிதிகள் சபையைத் தொடங்கியவர். 1897-இல் மரத்தாலான பழைய அரண்மனை தீயில் போனபின், புதிய அரண்மனையை வரைந்து கொடுத்த ஹென்றி இர்வின் சென்னை அரசாங்கத்தில் கட்டடக் கலைஞராயிருந்தவர். வெளியூர்க்காரர் பெயரும் கைவேலையும் நம் நடுவெளியில் இவ்வளவு இருக்கின்றன. ஆகவே, "நாம வெளியூர்க்காரங்க, அவங்க ஊரு விஷயம் நமக்கெதுக்கு?" என்று நம்மில் சிலர் சொல்லும்போது எனக்கு ஒப்பவில்லை. ஒரு சதுக்கம் அதைத் தினமும் மிதிக்கிறவனுக்குச் சொந்தம்.

இர்வினைப் பற்றி ஒரு வார்த்தை. அரண்மனையார் அவரை அமர்த்தியபோது தங்களுக்கு என்ன வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தீயில் வீடிழந்தவர்கள் அல்லவா? புதிய கட்டடத்தில் கல்லும் செங்கல்லும் இரும்பும் மேலோங்கின. கல்யாண மண்டபத்துத் தூண்கள் கிளாஸ்கோவில் வார்த்துக் கப்பலில் வந்தவை. 1912-இல் வேலை முடிந்தபோது 41 லட்சத்துக்கு மேல் செலவாகியிருந்தது. பணம் பெரிதுதான். ஆனால் வீட்டுக்காரர் தம் தேவை அறிந்து கேட்டார். கலைஞர் அறிந்து கொடுத்தார். அது ஒரு குடும்பத்தின் வீடு, கேட்க வேண்டியவர் ஒருவரே. ஊர்ச் சதுக்கத்துக்கு வீட்டுக்காரர் யார்? லட்சம் பேர். அத்தனை பேர் சார்பாகவும் யாரோ ஒரு அதிகாரி ஒரு சீட்டு எழுதுகிறார். கோளாறு அங்கே தொடங்குகிறது.

படத்தில் இல்லாத ஆள்

வியாபார விஷயமாக நான் அடிக்கடி போகும் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே கடைத்தெருச் சதுக்கத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று வியாபாரிகளைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். நண்பர் ஒருவர் என்னையும் அழைத்துப் போனார். திரையில் கம்ப்யூட்டர் படம் காட்டினார்கள். சும்மா சொல்லக் கூடாது, அழகான படம். பளபளவென்று கல்தரை, நடுவில் நீரூற்று, வரிசையாக விளக்குக் கம்பம். பலூன் பிடித்த குழந்தை, கையில் காபிக் கோப்பையோடு ஒரு பெண், நாய்க்குட்டியோடு ஒரு பெரியவர். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. அப்புறம்தான் புரிந்தது: அந்தப் படத்தில் தலையில் மூட்டையோடு ஒரு ஆள்கூட இல்லை. கடைத்தெருவே மூட்டையால் ஆனது. ஆனால் மூட்டை இல்லை.

எழுந்து கேட்டேன்: "ஐயா, சரக்கு எங்கே இறங்கும்?" "அதற்குத் தனி ஏற்பாடு வரும்" என்றார்கள். கூட்டம் முடிந்தது, டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்துப் போனபோது வேலை முடிந்திருந்தது. அங்கே மூட்டை தூக்கும் தர்மபுரிக்காரர் ஒருவரை எனக்கு இருபது வருஷப் பழக்கம். "என்ன பெரியவரே, புது இடம் எப்படி இருக்கு?" என்றேன். "தரை நல்லா பளபளன்னுதான் இருக்கு முதலாளி. முன்ன ஓரத்துல ஒரு கட்டைச் சுவர் இருந்துச்சில்ல, நெஞ்சு உசரத்துக்கு? அதுல மூட்டையைச் சாய்ச்சு மூச்சு வாங்கிப்பேன். அதை இடிச்சுட்டாங்க. இப்ப கீழ இறக்கினா மறுபடி தூக்கிவிட ஆள் தேட வேண்டியிருக்கு. அதனால நிக்காமலே போயிடறேன்" என்றார். அவருக்கு அப்போதே அறுபது இருக்கும்.

நம் முன்னோர் இதற்கு ஒரு விடை கண்டிருந்தார்கள். சுமைதாங்கிக் கல். நட்டு வைத்த இரண்டு கல், குறுக்கே ஒரு கல். பிறர் உதவியின்றிச் சுமையை அதில் தள்ளி இளைப்பாறலாம்; பிறர் உதவியின்றி மறுபடி தலைக்கு ஏற்றலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதை நட்டு வைத்தார்கள். சுமை இறக்காமல் போனவள் பேரால் பிறர் சுமையை இறக்கி வைத்தார்கள். தொண்டை நாட்டுச் சாலையோரங்களில் இன்றும் சில நிற்கின்றன. வரைந்தவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். ஆனால் சுமப்பவனின் தோள் உயரம் அவருக்குத் தெரிந்திருந்தது.

புகாரின் ஐந்து மன்றங்கள்

இனி அட்டை கிழிந்த என் புத்தகத்துக்கு வருகிறேன். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் இளங்கோவடிகள் புகார் நகரை இரு பாக்கமாகக் காட்டுகிறார். மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே நாளங்காடி. அங்கே நெருங்கி நிற்கும் சோலை மரங்களின் அடியே கடைகளுக்குக் கால்கள். அதாவது, முதலில் நிழல்; அப்புறம் கடை. அதன்பின் ஐவகை மன்றங்களைச் சொல்கிறார்.

முதலாவது வெள்ளிடை மன்றம். வணிகரின் பொதிகள் பெயரும் அளவும் பொறிக்கப்பட்டுக் காவலின்றிக் கிடக்கும். திருடியவன் அந்தப் பொதியைச் சுமந்தபடி சுற்றிச் சுற்றி வர நேரும். இரண்டாவது இலஞ்சி மன்றம். கூனர், குறளர், ஊமையர், செவிடர், தொழுநோயாளர் ஆகியோர் முழுகி நலம்பெறும் பொய்கை. மூன்றாவது நெடுங்கல் நின்ற மன்றம். பிறர் இட்ட மருந்தால் பித்தேறியவர், நஞ்சுண்டவர், பாம்பு தீண்டியவர், பேய் பிடித்தவர் வலம்வந்து துயர் நீங்குமிடம். நான்காவது பூதசதுக்கம். பொய்த் தவ வேடத்தார், அரசனைக் கவிழ்க்கும் அமைச்சர், பொய்ச்சாட்சி சொல்வோர், புறங்கூறுவோர் போன்றோரைப் பூதம் பாசத்தால் கட்டும். ஐந்தாவது பாவை மன்றம். அரசனின் செங்கோல் கோணினாலும், நியாய சபை ஒரு பக்கம் சாய்ந்தாலும், அங்கே நிற்கும் பாவை வாய் திறவாது; கண்ணீர் விடும்.

பூதமும் பாவையும் உண்மையிலேயே இருந்தனவா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது வேறு ஆராய்ச்சி. பல வருஷம் படித்தபின் எனக்குத் தட்டுப்பட்டது வேறொன்று. அடிகள் இந்த ஐந்து மன்றங்களில் ஒன்றைக்கூட அதன் அழகைச் சொல்லி அறிமுகப்படுத்தவில்லை. தரை என்ன கல், தூண் எத்தனை, விளக்கு எப்படி என்று ஒரு சொல் இல்லை. மாதவியின் அணிகலன்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்ன புலவருக்கு வருணிக்கத் தெரியாதா? ஆனால் மன்றம் என்று வந்தபோது, அது யாருக்கு, என்ன செய்கிறது என்பதை மட்டுமே சொல்கிறார். நம் காலத்து டெண்டர் தாள்களோ இதற்கு நேர்மாறு. கல்லின் கனம், விளக்கின் வாட், செடியின் ரகம் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். யாருக்கு என்ற இடத்தில் "பொதுமக்களுக்கு" என்று ஒரு சொல். அதற்குமேல் ஒன்றுமில்லை.

ஆகவே புதுக்கிய சதுக்கம் எதையும் ஐந்து கேள்வியால் அளக்கலாம் என்பது என் துணிபு. சிறு வியாபாரியின் சரக்கு அங்கே பத்திரமாக இருக்குமா? உடல் குறையுடையோருக்கும் முதியோருக்கும் தண்ணீர், கழிப்பிடம், ஏறும் சாய்வழி உண்டா? மனமோ உடலோ தளர்ந்தவன் யாரும் விரட்டாமல் நிழலில் உட்கார முடியுமா? கணக்கும் ஒப்பந்தமும் ஊரறிய இருக்கின்றனவா? தவறு நடந்தால் காட்டிக்கொடுக்க அங்கே ஒரு பாவை உண்டா?

அளந்து பார்த்தால்

தில்லி சாந்தினி சவுக்குக்கு யாத்திரையின்போது போயிருக்கிறேன். செங்கோட்டைக்கு எதிரே நம் லால் மந்திர் இருக்கிறது. அதை ஒட்டிப் பறவைகளுக்கு ஒரு ஆஸ்பத்திரி. அங்கிருந்து பதேபுரி மசூதி வரை ஏறக்குறைய 1.3 கிலோமீட்டர் தெருவைக் கட்டடக் கலைஞர் பிரதீப் சச்தேவாவின் வரைவுப்படி திருத்தி, 2021 செப்டம்பரில் திறந்தார்கள். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை மோட்டார் வண்டி கிடையாது. முன்பு அங்கே ஒரு முழங்கை இடம்கூடக் கிடைக்காது. இப்போது கிழவர்கள் நடக்கிறார்கள். இது பெரிய பேறு. ஆனால் பகல் முழுதும் மோட்டார் வண்டிக்குத் தடையென்றால் சரக்கு வண்டி இரவில்தான் வரும். பகலில் நகர வேண்டிய சரக்கு கைவண்டியிலும் தலையிலும்தான் நகரும். மூன்றாம் கேள்விக்குப் பாதி மார்க்கு; சுமப்பவன் கேள்விக்கு இன்னும் விடை எழுதவில்லை.

சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரை 2019 நவம்பரில் நடைபாதை வளாகமாகத் திறந்தார்கள். அகலமான நடைபாதை, இருக்கைகள், குழந்தைகள் ஏறி விளையாடச் சாமான்கள். என் பேத்தி அங்கேயிருந்து வர மறுத்தாள் என்பதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா? சாலையோர வியாபாரிகள் முன்பே வேறொரு கட்டடத்துக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். நடக்கிறவருக்கு இடம் கிடைத்தது. மாடியில் கடை வைத்தவரைத் தேடி ஏறிவர எல்லா வாடிக்கையாளருக்கும் மனம் வருவதில்லை. கடைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு படி ஏறச் சொன்னாலே பாதி வாடிக்கை போய்விடும்.

நம் சிக்க கடியாரத்தடியும் கல் பாவிய திறந்தவெளியாக இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். பூக்காரம்மா, மாணவர், கூலியாள், சுற்றுலாக்காரர் எல்லோரும் கலந்து நிற்பார்கள். நடுப்பகலில் போனால் நிழல் போதாது, கல் சுடும். நாளங்காடியின் முதல் பாடம் மரம் என்பதை மறந்துவிட்டோம். எங்கள் கௌதள்ளிப் பக்கத்துக் கிராமங்களில் அரசமரத்தைச் சுற்றிக் கட்டிய அரளிக்கட்டெ உண்டு. மரம், மேடை, அவ்வளவுதான். வம்பும் வழக்கும் பஞ்சாயத்தும் அங்கேதான் நடக்கும்.

மேல்நாட்டாரும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். நியூயார்க்கில் வில்லியம் வைட் என்பவர் 1970-களில் சதுக்கங்களைப் படம்பிடித்து, யார் எங்கே எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்று எண்ணினார். 1980-இல் நூலாக எழுதினார். அவர் கண்ட பெரிய உண்மை: உட்கார இடமிருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள்! சிரிக்காதீர்கள், இதைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே எத்தனையோ கோடியில் சதுக்கம் கட்டியிருந்தார்கள். 1988-இல் மூடித் திருத்தி 1992-இல் திறந்த பிரையண்ட் பூங்காவில், விரும்பிய இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகளை வைத்தார்கள். வெயில் நகர்ந்தால் நாற்காலியும் நகரும். விலை குறைந்த யோசனை, பெரிய பயன்.

கலைஞரைத் தேர்வது எப்படி?

இதுவரை சொன்னதால் கட்டடக் கலைஞர்களைக் குறைசொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். என் கடைக்கு வந்து "நல்ல அரிசி குடுங்க" என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? எனக்கு லாபமுள்ள அரிசியைத்தான் நல்ல அரிசி என்று கொடுப்பேன், மனித இயல்பு. "இட்லிக்கா, சாப்பாட்டுக்கா, கல்யாணத்துக்கா? பழசா, புதுசா? எத்தனை பேர்?" என்று பேசி வாங்குகிறவரை ஏமாற்ற முடியாது. சதுக்கம் கேட்கப் போகும் நகராட்சி "உலகத்தரமான சதுக்கம்" என்று கேட்டால், கலைஞர் உலகத்தில் எங்கேயோ இருக்கும் சதுக்கத்தைத்தானே கொண்டுவருவார்?

வேலை தருகிற முறையையும் சொல்ல வேண்டும். மிகக் குறைந்த கூலி கேட்டவருக்கு வேலை என்பது ஒரு முறை. தரத்துக்கு எழுபது எண்பது பங்கும் விலைக்கு மீதியும் மதிப்பெண் போட்டுத் தேர்வது இன்னொரு முறை. தில்லியில் சென்ட்ரல் விஸ்டா வேலைக்கு 2019 அக்டோபரில் எச்.சி.பி. நிறுவனத்தை ஏறக்குறைய 230 கோடி கட்டணத்தில் தேர்ந்தது இப்படித்தான். திறந்த வடிவமைப்புப் போட்டி வைத்து, படங்களை மக்கள் பார்வைக்கு வைத்திருக்கலாமே என்று பல கலைஞர்கள் அப்போது கேட்டார்கள். அக்கேள்வி நியாயமானது. ஆனால் போட்டி ஒன்றே மருந்து என்றும் சொல்ல முடியாது. 1986-இல் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்துக்கு உலகப் போட்டி வைத்து அமெரிக்கரான ரால்ஃப் லெர்னர் வென்றார். அவர் வரைந்ததில் ஒரு பகுதிதான் கட்டடமாயிற்று. கேட்பவர் மனம் மாறினால் கலைஞர் என்ன செய்வார்?

கூலி கணக்கில் இன்னொரு சூட்சுமம். கட்டடக் கலைஞரின் கட்டணம் பெரும்பாலும் வேலைச் செலவில் இத்தனை சதவீதம் என்று இருக்கும். கல் கூடினால் செலவு கூடும். செலவு கூடினால் கட்டணம் கூடும். ஒரு வேப்பமரம் நட்டால் என்ன கிடைக்கும்? இருக்கும் கட்டைச் சுவரை இடிக்காமல் விட்டால் என்ன கிடைக்கும்? அப்படியே விடச் சொல்லும் நல்ல யோசனைக்குக் கூலி கொடுக்கத் தெரியாத ஊர், நல்ல யோசனையை எதிர்பார்க்கக் கூடாது. சதுக்க வேலைக்காவது கட்டணத்தை மொத்தமாகப் பேசி முடிப்பது மேல்.

சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. 2014-ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். ஐம்பது ஆண்டுக்கு மேலாகச் சாலையோர வியாபாரம் நடக்கும் இடத்தைப் பாரம்பரியச் சந்தையாக அறிவித்து, அங்குள்ளவரை அகற்றாமல் காக்கவும் அச்சட்டம் வழிசெய்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சாய்வழியைக் கடமையாக்குகிறது. இவை நம் காலத்து வெள்ளிடை மன்றமும் இலஞ்சி மன்றமும். சீட்டு எழுதும் நாளில் இவற்றை யாரும் மேசைமேல் வைப்பதில்லை.

என் பட்டியல் இது. கலைஞரைத் தேடுமுன் ஊரார் ஒரு வருஷம் எண்ணட்டும். விடியற்காலை, நடுப்பகல், இரவு. சாதாரண நாள், வெள்ளிக்கிழமை, தசரா. எத்தனை சுமை, எத்தனை தள்ளுவண்டி, எத்தனை பேர் உட்கார இடம் தேடுகிறார்கள், பெண்கள் கழிப்பிடத்துக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று எழுதட்டும். தேர்வுக் குழுவில் ஒரு பூக்காரம்மாவும், ஒரு மூட்டை தூக்குபவரும், சக்கர நாற்காலியில் வரும் ஒருவரும் இருக்கட்டும். படங்களை மார்க்கெட் வாசலிலேயே ஒரு மாதம் மாட்டட்டும். கட்டியபின் பத்து வருஷம் கூட்டவும் பழுதுபார்க்கவும் பணம் எங்கிருந்து வரும் என்று முதல் பக்கத்திலேயே எழுதட்டும்.

என் பங்குக்கு ஒரு ஒப்புதலும் உண்டு. என் கடைப்படி நடைபாதையில் ஒன்றரை அடி நீண்டிருந்தது. பத்து வருஷம் அது என் கண்ணில் படவில்லை. பார்வை மங்கிய ஒரு பாட்டி தடுக்கி விழுந்த அன்றுதான் பட்டது. மறுநாளே இடித்தேன். பூதசதுக்கத்துப் பூதம் முதலில் என்னைத்தான் கட்டியிருக்கும்.

சமவசரணம்

எங்கள் மரபில் தீர்த்தங்கரர் அறமுரைக்கும் சபைக்குச் சமவசரணம் என்று பெயர். நடுவில் பெருமான், சுற்றிப் பன்னிரண்டு கூட்டத்தாருக்கு இடம். அதில் ஒன்று விலங்குகளுக்கும் பறவைகளுக்கும். எத்திசையில் அமர்ந்தாலும் அவர் முகமே தெரியும். அங்கே பின்வரிசை கிடையாது. வாயிலில் மானத்தம்பம், அதைக் கண்டதும் வருவோர் செருக்கு அடங்கும். சித்தன்னவாசல் விதானத்தில் தாமரைப் பொய்கை ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள். யானையும் எருமையும் மீனும் அன்னமும் மனிதரும் ஒரே நீரில் இருக்கிறார்கள். சமவசரணத்தின் ஒரு நிலமே அது என்பர் அறிஞர். அந்தக் குகைக்கோயிலை ஒன்பதாம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார் புதுக்கினார் என்று அங்கேயே கல்வெட்டு இருக்கிறது. புதுக்கியவர் பெயர் நிற்கிறது. அவர் புதுக்கிய இடத்தில் எருமைக்கும் இடம் இருக்கிறது.

நம் சதுக்கத்தைப் புதுக்க வருகிறவர் எவராயினும் வரட்டும். இந்த ஊரினரோ, தமிழரோ, சீமையினரோ. நாம் கேட்பது இதுதான்: உங்கள் படத்தில் மூட்டை சுமப்பவனை வரையுங்கள். அவன் நிற்கும் இடத்தில் நெஞ்சுயரத்துக்கு ஒரு கல் வையுங்கள். மற்றவை தாமே சரியாகும்.

அன்பர்களே, வரும் தசராவுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைச் சிக்க கடியாரத்தடிக்கு அழைத்துப் போங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, யார் யார் எங்கே உட்காருகிறார்கள், யாருக்கு உட்கார இடமில்லை என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணிய தாளை எனக்கு அனுப்பினால் மகிழ்வேன். அடுத்த மலரில் அதையே கட்டுரையாக்கலாம். அதைவிட நல்ல சீட்டு எந்த அலுவலகத்திலும் எழுதப்படாது.

சொல்லிலும் பொருளிலும் பிழை காணின் பெரியோர் பொறுத்தருள்க.